கை தெரியும் வேகம்

வவுனியாவில் வீடுகளுக்கும் இன்ரர்நெற் கொடுக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்ட நேரம், ஊரில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "எவ்வளவு ஸ்பீட்?" எங்கள் வீட்டில் மட்டும் கேள்வி வேறு. "அம்மாண்ட கை தெரியுமோ?" இந்தக் கேள்வியை நான் கணினிக் கடையில் கேட்டேன், வீடு தேடி வந்த விற்பனையாளரிடம் கேட்டேன், தொலைபேசிக் கந்தோர்க் கவுண்டரில் வரிசையில் நின்று கேட்டேன். கேட்ட இடமெல்லாம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அதற்கெல்லாம் கூச்சப்படுகிற ஆள் நான் இல்லை.

அம்மாவுக்குக் காது கேளாது. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போனது. வாயாலும் பேசமாட்டார். ஆனால் எங்கள் வீட்டில் அதிகம் கதைப்பவர் யார் என்று கேட்டால், அப்பா யோசிக்காமல் அம்மாவைத்தான் காட்டுவார். அவ்வளவும் கையால். அது எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்த பாஷை அல்ல. அக்கா கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அம்மாவும் அவளுமாகக் குசினி அடுப்படியிலும் கிணற்றடியிலும் உண்டாக்கிக் கொண்டது. அப்பாவும் நானும் பிறகு வந்து சேர்ந்து அரையும் குறையுமாகப் பழகியவர்கள்.

அந்தப் பாஷையில் எல்லோருக்கும் பெயர் இருந்தது. அப்பா தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆகவே உள்ளங்கையில் முட்டியால் முத்திரை குத்தினால் அப்பா. இரண்டு கைகளையும் தோளிலிருந்து இடுப்புவரை வழித்து இறக்கினால் அக்கா, அவளுடைய இரட்டைப் பின்னல். மணிக்கட்டைப் பல்லால் கடித்தால் நான். சின்னனில் எல்லோரையும் கடித்தேனாம். "இப்பவும் குணம் மாறேல்லை, இப்ப வாயால கடிக்கிறாள்" என்று அப்பா சொல்லுவார்.

அக்கா கலியாணம் முடித்துச் சுவிஸுக்குப் போய் ஐந்து வருடமாகியிருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசி எடுப்பாள். நான் றிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். அம்மா எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார். நான் சிரித்தால், ஏன் என்று தெரியாமலே அவரும் சிரிப்பார். நான் புருவத்தைச் சுருக்கினால் உடனே எழும்பி வந்து சட்டையைப் பிடித்து இழுப்பார். என்னவாம்? நான் உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவேன்: பொறு. பிறகு சுட்டுவிரலை முன்னால் வளைத்துப் போடுவேன்: பிறகு சொல்லுறன்.

அந்தப் "பிறகு" வரும்போது கதை வற்றிப் போயிருக்கும். நெஞ்சில் கையை வைத்து மெல்ல இறக்கினால் "சுகமாம்." விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் "சாப்பிட்டாளாம்." அரை மணித்தியாலக் கதைக்கு இரண்டு சைகை. சுவிஸில் பனி கொட்டியதையும், அத்தான் பனியில் வழுக்கி விழுந்ததையும், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி புட்டைப் பார்த்து மணலா என்று கேட்டதையும் என் கைகள் எப்படிச் சொல்லும்? அக்காவின் கைகள் என்றால் சொல்லும்.

அந்த வருடம் அக்காவுக்கு வயிற்றில் பிள்ளை. செய்தி வந்த நாளில் அம்மா வீடு முழுக்கச் சுற்றி நடந்தார். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை அவருக்கு. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சோதனைக் காலம் ஆகிவிட்டன.

"எடி, அம்மாட்டக் கேள். ராவில கால் குறண்டி இழுக்குது. அவாவுக்கும் அப்பிடி இருந்ததோ? என்ன செய்தவா?"

நான் கேட்டேன். அம்மா இரண்டு கைகளாலும் பதில் சொன்னார். முழங்கால், கெண்டைக்கால், ஒரு பானை, அடுப்பு, எண்ணெய், பிறகு ஏதோ ஒரு இலை, பிறகு அப்பாவின் முத்திரை, பிறகு ஒரு பெரிய சிரிப்பு. கலியாணம் ஆகாத, பிள்ளைப்பேற்றைப் பற்றி ஒன்றும் அறியாத நான் அதைப் பார்த்து மொழிபெயர்த்தேன். "சுடுதண்ணி ஒத்தடம் பிடிக்கட்டாம்."

"அவ்வளவு நேரம் சொன்னவா, இவ்வளவுதானோ?"

"எனக்கு விளங்கினது இவ்வளவுதான்."

அக்கா குரல் மாறிச் சொன்னாள். "எனக்கு அம்மாவோட கதைக்கவேணும். உன்னோட இல்லை, அம்மாவோட. பிள்ளை பிறக்க முதல் ஒருக்கா எண்டாலும்."

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு இன்ரர்நெற் தேவைப்பட்டது.

முதலில் அம்மாவை நெற் கஃபே ஒன்றுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். கணினிக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர் நடத்தியது, ஊருக்கே அவர் 'நானா'. முல்லைத்தீவில் பிறந்து, புத்தளத்தில் வளர்ந்து, வவுனியாவில் கடை போட்டவர். வாய் ஓயாத மனிதர். "வாங்க உம்மா, வாங்க தங்கச்சி" என்று அம்மாவுக்கு நல்ல கதிரையாகப் பார்த்துப் போட்டார். ஆனால் அது பலகை அடித்த சின்னக் கூடு, மங்கல் வெளிச்சம். அம்மா கையை விரித்தால் பலகையில் இடித்தது. அதற்குள் பின்னால் ஆட்கள் கூடிவிட்டார்கள். கையால் கதைக்கிற மனிசியைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கைகளை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டார். திரையில் அக்கா, தலையில் குளிர்த் தொப்பியோடு, "அம்மா, அம்மா" என்று கையசைத்தாள். அம்மா எழும்பி வெளியே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்தேன் பேச்சு. நானாவே பயந்துபோனார்.

"வீட்டுக்கு எடுங்க தங்கச்சி," என்றார் நானா. "இது நாலு பேர் முன்னுக்கு நடக்கிற கதை இல்லை. ஆனா எடுக்க முன்னம் ஒண்டு கேளுங்க. வாறது வேற, போறது வேற. நோட்டீஸ்ல பெருசாப் போட்டிருக்கிறது வாற ஸ்பீட். போற ஸ்பீட் அடியில எறும்பு மாதிரிக் கிடக்கும். உங்கட அக்காட கை இங்க தெரியிறது வாற ஸ்பீட்ல. உம்மாட கை அங்க தெரியிறது போற ஸ்பீட்ல."

உலகத்தில் பாதிப் பேருக்குப் போற வேகம் தேவையே இல்லை. படம் வரவேண்டும், பாட்டு வரவேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு இரண்டும் வேண்டும். அம்மா பார்க்கவும் வேண்டும், பார்க்கப்படவும் வேண்டும்.

அப்போது வவுனியாவில் இரண்டு கொம்பனிகள் இருந்தன. ஒன்று கம்பிக்காரர். வீட்டில் ஏற்கெனவே இருந்த தொலைபேசிக் கம்பியிலேயே இன்ரர்நெற்றும் தருவார்கள், ஆனால் அவர்கள் அசைய ஆறு மாதம் ஆகும் என்று ஊரில் பெயர். மற்றது அன்ரனாக்காரர். கம்பியே வேண்டாம். ஒரு உயரமான பைப், அதன் நுனியில் மீன்முள் போல ஒரு அன்ரனா. இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு வந்து நட்டுவிடுவார்கள்.

நான் உடனே அன்ரனாப் பக்கம் சாய்ந்துவிட்டேன். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. அப்பா கம்பிப் பக்கம். முப்பது வருடம் தந்தி அனுப்பிய மனிதர், வேறு எந்தப் பக்கம் நிற்பார்?

"பிள்ளை, கம்பி எண்டால் ஒரு முனை இஞ்ச, மற்ற முனை அங்க. போற வழி தெரியும். காத்தில விட்டது எங்க போகுதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"அப்பா, உங்கட கம்பியில வந்ததெல்லாம் செத்தவீட்டுச் செய்திதானே."

"ஏன், நீ பிறந்ததும் கம்பியிலதான் போனது. உன்ர மாமனுக்கு நானே தந்தி அடிச்சனான்."

எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்ரனாக்காரர் சார்பில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்த வெயிலிலும் கழுத்தில் ரை. போரால் வடக்குக்குப் போகும் ஏ9 பாதை பூட்டிக் கிடந்த காலம் அது, ஊரில் சாமான் தட்டுப்பாடு, ஆனால் ரை கட்டிய விற்பனையாளர்களுக்குத் தட்டுப்பாடே இல்லை. மாமரத்தின் கீழ் கதிரை போட்டுக் கொடுத்தேன். நோட்டீஸை விரித்தார். "அக்கா, படம் பாக்கலாம். பாட்டு இறக்கலாம். இருபத்திநாலு மணித்தியாலமும் லைனில நிக்கலாம்."

"அம்மாண்ட கை தெரியுமோ?"

"கையோ? என்ன கை?"

நான் கையை உயர்த்தி, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனேன். பிறகு வேகமாக நாலைந்து சைகை காட்டினேன். "இப்பிடி. இந்த வேகத்தில. சுவிஸில நிண்டு பாத்தால் விரல் விரலாய்த் தெரியவேணும். இங்கயிருந்து போற ஸ்பீட் எவ்வளவு?"

அவர் நோட்டீஸை முன்னும் பின்னும் புரட்டினார். "போறதோ? அக்கா, எல்லாரும் வாறதைத்தான் கேக்கிறவை." கொஞ்சம் யோசித்துவிட்டு, பாவம், மனம் நோகக்கூடாது என்று நினைத்தாராக்கும், "ராற்றா காட்டினால் வடிவாத் தெரியும்" என்று கையை ஆட்டிக் காட்டினார்.

நாங்கள் இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஆசை காட்டி மோசம் போகக்கூடாது என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருந்தோம். ஆனால் அம்மாவிடம் எதையாவது மறைப்பது என்பது நடக்கிற காரியமா? எங்கள் உதடுகளைப் பார்த்தார், நோட்டீஸில் இருந்த கணினிப் படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ரை கட்டியவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் கழுத்தைக் காட்டி, இந்த வெக்கையில் இதென்ன கயிறு என்று என்னைக் கேட்டார். பிறகு இரட்டைப் பின்னலை இடுப்புவரை வழித்துவிட்டு, கண்ணைக் காட்டினார். அக்காவைப் பார்ப்பதற்கோ?

ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சண்டையைத் தீர்க்க ஒரே வழி சோதித்துப் பார்ப்பது. நானாவுக்குத் தெரிந்த மோட்டார் உதிரிப்பாகக் கடை ஒன்றில் அன்ரனாத் தொடர்பு இருந்தது. நானாவின் கடையில் கம்பி. அக்கா ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் முதலில் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். கிறீஸ் மணக்கும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கமராவைப் பார்த்து, அம்மாவின் வேகத்தில் கையை ஆட்டினேன். கை ஆடி ஓய்ந்து மடியில் வந்து படுத்த பிறகும், அக்காவின் பக்கத்துத் திரையில் அது மேலேயே நின்றதாம்.

"எடியே," என்றாள் அக்கா, "உன்ர கையில ஏழு விரல் தெரியுது."

அங்கிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு நானாவின் கடைக்கு. அவர் மற்ற மெசின்களை எல்லாம் நிற்பாட்டி வைத்துவிட்டு, யாரையும் உள்ளே விடாமல் வாசலில் காவல் நின்றார். நான் அதே சைகைகளைக் காட்டினேன். அக்கா திரையை நெருங்கி வந்து பார்த்தாள்.

"இன்னும் நகம் கடிக்கிறாய் என்ன? வெக்கமில்லையோ உனக்கு?"

நான் துள்ளிக் குதித்தேன். நகம் தெரிகிறது! விரல் இல்லை, நகம்! ஒருவர் என்னைத் திட்டியதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா உள்ளங்கையில் தன் பெயரை மட்டும் ஒருமுறை குத்திக் காட்டிவிட்டுப் பேப்பரை விரித்தார். தோற்றவள் நான்தான், ஆனாலும் எனக்கு அன்றைக்கு அது உறைக்கவே இல்லை.

அடுத்த சண்டை பக்கேஜில். நானாவிடம் இருந்தது கடைகளுக்கான பக்கேஜ். வீட்டுக்கு என்று ஒன்று இருந்தது, வரும் வேகம் கிட்டத்தட்ட அதே அளவு, போகும் வேகம் பாதி. நான் கடைப் பக்கேஜ்தான் வேண்டும் என்று நின்றேன்.

"கடையில பத்துப் பேரின்ர முகம் போகுது," என்றார் அப்பா. "எங்களுக்கு ரெண்டு கைதானே போகவேணும்? பாதி போதும், காணும்."

"காணாட்டி?"

"காணும் எண்டுறன்."

"காணாட்டி நான் அன்ரனாக்காரனைக் கூப்பிடுவன். அப்பவே சொல்லிப்போட்டன்."

வீட்டுப் பக்கேஜ் என்று முடிவானது. அப்பா தினமும் காலையில் வெள்ளை வேட்டியோடு தொலைபேசிக் கந்தோருக்குப் போய் வாங்கில் உட்கார்ந்துவிடுவார். சண்டை பிடிக்கமாட்டார், கெஞ்சமாட்டார். அரச கந்தோரில் வேலை பார்த்தவருக்கு அரச கந்தோர் எதற்கு அசையும் என்று தெரிந்திருந்தது. ஒரு மனிதர் தினமும் வந்து சும்மா உட்கார்ந்திருந்தால் யாருக்கும் வேலை ஓடாது. மூன்றாம் வாரம் லைன்மன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் கம்பியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கம்பி எங்கள் முருங்கைக்குள்ளால்தான் வந்தது. கிளை உரசி உரசி மேலுறை தேய்ந்திருந்தது. "ரெலிபோனுக்கு இது காணும். இன்ரர்நெற்றுக்குக் காணாது. மரம் தறிக்கவேணும்."

அந்த முருங்கை அம்மாவின் மரம். அது காய்த்தால் ஒழுங்கை வீடுகள் முழுக்கச் சாம்பார் வாசம் வரும். ஒரு கொப்பை முறிக்க அப்பா கேட்டு, ஒரு நாள் முழுக்க அம்மா அவரைப் பார்க்காமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அப்பா தயங்கித் தயங்கிக் கையைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். மரம், கம்பி, வெட்டவேணும். அம்மா மரத்தைப் பார்த்தார். கம்பியைக் காட்டிக் கேட்டார். பின்னலை வழித்தார். இது அவளுக்கோ?

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஓம் என்றோம், அப்பாவும் நானும் ஒரே நேரத்தில்.

அம்மா குசினிக்குள் போனார். கோபம் என்றுதான் நினைத்தேன். கொடுவாக்கத்தியோடு திரும்பி வந்து அதை லைன்மனின் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் தூக்கம் ஏது, சமையல் ஏது? நானா கணினியைக் கொண்டுவந்து விறாந்தையை அடுத்த அறையில் பொருத்தினார். கமராவை மொனிற்றருக்கு மேல் குந்தவைத்தார். ரவுட்டரில் பச்சை வெளிச்சங்கள் எரிந்தபோது, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் அப்பா தொடவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, இராகுகாலத்துக்கு முன்னம், நல்ல நேரத்தில்தான் அம்மா அக்காவோடு கதைக்கவேண்டும் என்றார். நல்ல காரியத்தை வேறு எப்படித் தொடங்குவது?

ஞாயிறு காலை அம்மா தலைக்குக் குளித்து, அக்கா அனுப்பிய நீலச் சேலையை உடுத்தார். சந்தனத்தை அவரே குழைத்தார். நான் சுவிஸுக்குத் தொலைபேசி எடுத்து அக்காவைத் தயாராக்கிவிட்டு வந்து பார்த்தபோது, மேசையில் எல்லாம் கல்யாண வீட்டுக்கு வெளிக்கிட்டதுபோல இருந்தன. மொனிற்றருக்குச் சந்தனமும் குங்குமமும். பெட்டிக்கு, கீபோட்டுக்கு, ரவுட்டருக்கு, கமராவுக்கு, ஒன்றுவிடாமல். எலிக்குக்கூட முதுகில் ஒரு பொட்டு. அப்பா கற்பூரம் காட்டினார். நான் பட்டனை அழுத்தினேன்.

அக்கா வந்தாள்! திரை நிறைய வந்தாள். முகம் ஊதி, கன்னம் மினுங்கி, பின்னால் அத்தானின் தலையும் ஒரு யன்னலும். அம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படியொரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இரண்டு கைகளும் தாமாகவே மேலே போயின. என்ன சொன்னார் என்று எனக்குப் பிடிபடவில்லை, அவ்வளவு வேகம்.

அக்கா அசையாமல் இருந்தாள். திரையைக் கூர்ந்து பார்த்தாள். தலையை அப்படியும் இப்படியும் சரித்தாள். பிறகு ஸ்பீக்கரில் அவளுடைய குரல் வந்தது.

"ஒண்டும் தெரியேல்லை. ஒரே மஞ்சளாய்க் கிடக்கு. அம்மா எங்க?"

அம்மா விடவில்லை. கையை இன்னும் உயர்த்தி, இன்னும் மெல்லச் சொன்னார். அக்கா கண்ணைக் காட்டி, கையை விரித்தாள். தெரியேல்லை அம்மா, தெரியேல்லை. அம்மாவின் கைகள் அந்தரத்தில் நின்றன. அவர் அக்காவைத் துலாம்பரமாகப் பார்க்கிறார், அக்காவுக்கு அவர் இல்லை. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்குத் தலைக்குள் அடித்தது. வாறது வருகிறது, போறது போகவில்லை. நான் சொன்னேனா இல்லையா?

"பாதி காணும் எண்டு சொன்னனீங்களே! பாருங்கோ உங்கட பாதியை! வாறது வடிவா வருது, போறது சேறாய்ப் போகுது. நான் கடைப் பக்கேஜ் கேட்டனான். அன்ரனா கேட்டனான்!"

"பொறு பிள்ளை, பதறாதை. கம்பியில பிழை இருக்காது."

"கம்பி, கம்பி! நாளைக்கே வெட்டிப்போட்டு அன்ரனாக்காரனைக் கூப்பிடுறன், பாருங்கோ!"

கொம்பனியின் உதவி இலக்கத்துக்கு எடுத்தேன். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து வந்தவர் ரவுட்டரை நிற்பாட்டிப் போடச் சொன்னார். "தம்பி, நிற்பாட்டினால் என்ர அக்கா போயிடுவா" என்று கத்தினேன். அவர் மிகப் பணிவாக, வெளியே போகும் வேகம் குறைவான பக்கேஜில் படம் தெளிவில்லாமல் போகலாம் என்றார். எனக்கு அது போதும். றிசீவரை அப்பாவின் காதருகே பிடித்து, "கேளுங்கோ, அவரே சொல்லுறார்!" என்றேன். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிலத்தைப் பார்த்தார். பாவமாக இருந்தது, ஆனாலும் நான் நிற்பாட்டவில்லை.

இந்தக் கூத்து எதுவும் அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அம்மா மூலையைப் பார்த்தார். எங்கள் பக்கத்துப் படம் சின்னதாக விழுகிற மூலை. அங்கே மஞ்சள் மூட்டம், நடுவில் சிவப்பு. அதையே பார்த்தார். பிறகு தன் வலது கையைத் தூக்கி மோதிர விரலைப் பார்த்தார். விரல் நுனியிலும் அதே மஞ்சள், அதன் மேல் சிவப்பு. மறுபடி மூலையைப் பார்த்தார்.

மெல்ல எழும்பினார். மேசையில் சாய்ந்து, கமராவின் அந்த ஒற்றைக் கண்ணுக்கு நடுவில் தானே வைத்த பொட்டை முந்தானை நுனியால் துடைத்தார். ஒருமுறை எச்சில் தொட்டு, மறுபடி துடைத்தார்.

"அம்மா!" என்று ஸ்பீக்கர் அலறியது.

நான் றிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றேன். மறுமுனையில் அந்தப் பணிவான தம்பி "ஹலோ, ஹலோ, இப்ப சரியோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சரி என்று சொல்லி வைத்தேன். வேறு என்ன சொல்ல? கமராவுக்குப் பொட்டு வைத்துவிட்டோம் என்றா? அப்பா என்னைப் பார்த்தார். நான் எங்கேயாவது ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கக் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அங்கே கதை தொடங்கிவிட்டது. அம்மா முதலில் திட்டினார். அது எனக்கு விளங்கியது. இரட்டைப் பின்னலை இடுப்புவரை வழித்துவிட்டு, இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக்கித் தோளடியில் வெட்டிக் காட்டினார். அக்காவின் தலைமயிர் தோளோடு நின்றது. வெட்டி இரண்டு வருடம், எங்களுக்குத் தெரியும், தொலைபேசியில் சொன்னாள். அம்மாவுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு, குளிர், தண்ணி, காய்வதில்லை என்று ஏதேதோ காட்டினாள். பிறகு எழும்பி, சட்டையை இழுத்துப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி நின்று வயிற்றைக் காட்டினாள். அம்மா கையை நீட்டித் திரையைத் தொட்டார். உருண்டையை விரலால் சுற்றி வளைத்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேருடைய கைகளும் பறந்தன. ஐந்து வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. பாதி வேகத்தில் அவ்வளவும் போய்ச் சேர்ந்தது. அக்கா ஒன்று சொல்ல அம்மா வாயைப் பொத்தினார். அம்மா ஒன்று சொல்ல அக்கா கண்ணைத் துடைத்தாள், உடனே சிரித்தாள். நடுவில் முத்திரை ஒன்று குத்துப்பட்டது. "என்னைப் பற்றி என்னவோ சொல்லுகினம்" என்றார் அப்பா, கதிரை நுனிக்கு வந்து. என் மணிக்கட்டுக் கடியும் வந்தது. வந்தவுடன் இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. அம்மாவின் நீலச் சேலையைப் பிடித்து இழுத்தேன். என்னவாம்? என்ன சொல்லுறாள்?

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் என் பக்கம் உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். பிறகு சுட்டுவிரலை முன்னால் வளைத்துப் போட்டார்.

நானும் அப்பாவும் இரண்டு கதிரைகளில் உட்கார்ந்து அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சிரித்தபோது, ஏன் என்று தெரியாமலே நாங்களும் சிரித்தோம். வெயில் ஏறி இறங்கி, சோறு ஆறி, இராகுகாலமும் வந்து போனது. கடைசியில் அக்கா இரண்டு கையாலும் முத்தம் எறிந்துவிட்டுத் திரையிலிருந்து போனாள்.

அம்மா கதிரையைத் திருப்பினார். முகமெல்லாம் பூரிப்பு. நாங்கள் இரண்டு பேரும் முன்னால் சரிந்து, கண் வெட்டாமல் அவருடைய கைகளைப் பார்த்தோம்.

அவர் நெஞ்சில் கையை வைத்து மெல்ல இறக்கினார். சுகமாம். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். சாப்பிட்டாளாம்.

பிறகு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.